துர்க்கா காணாத புகையிரதம்

நோயுற்ற இளமையைப் பொருளாகக் கொண்ட கதைகளுக்கு எக்காலத்திலும் வாசகர் பஞ்சம் ஏற்பட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனோரதிய எழுத்தாளர் சயரோகத்தைத் தேர்ந்தெடுத்தனர். கதாநாயகியின் கன்னத்தைச் சிவக்கச் செய்து, கண்களுக்கு ஒளியூட்டி, இறுதி அத்தியாயத்தில் அவளை மெல்லக் கொண்டுசெல்லும் நோயாக அது அவர்களுக்குப் பயன்பட்டது. நம் காலத்திலே அவ்விடத்தைப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் கிறீன் 2012 இல் வெளியிட்ட 'த ஃபோல்ற் இன் அவர் ஸ்ரார்ஸ்' என்னும் நாவல் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் நோயையும் காதலையும் கூறுவது. அது 2014 இல் ஆங்கிலத்திலும், 2020 இல் 'தில் பேச்சாரா' என்னும் பெயரில் இந்தியிலும் திரைப்படமாயிற்று. என்னிடம் கற்கும் உயர்தர வகுப்பு மாணவருட் பலர் அதனைக் கைத்தொலைபேசியிற் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள்.

அக்கண்ணீரைப் பரிகசிப்பது எனது நோக்கமன்று. கிறீனின் நாவலும் வெறும் மலிவுச் சரக்கன்று. நோயாளியைத் தெய்வமாக்கும் கதைகளை அதுவே இடையிடையே எள்ளி நகையாடுகின்றது. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அந்நாவலின் நாயகியை உயிருடன் வைத்திருக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லாதது. தாமே கற்பித்த மருந்து அது என்று ஆசிரியர் நூலின் முடிவிலே ஒப்புக்கொள்கிறார். மருந்தையே கற்பனை செய்துகொள்ளக்கூடிய உலகில் நோய் ஒரு தனிமனிதத் துயரம் மட்டுமே. இல்லாத மருந்துக்காக எவரையும் எவரும் குற்றங்கூற வேண்டியதில்லை. மருந்து உண்டு, அது எட்டவில்லை என்னும் இடத்திலேதான் நோய் சமுதாயத்தின் கதையாக மாறுகின்றது. அத்தகைய ஒரு நாவலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' வங்க மொழியில் 1929 இல் நூலுருப் பெற்றது. 'நாகம்மாள்' தந்த ஆர். ஷண்முகசுந்தரம் அதனைத் தமிழாக்கினார். சத்யஜித் ராய் 1955 இல் அதனைத் திரைப்படமாக்கியபின் நாவலை அறியாதவரும் அதன் பெயரை அறிவர். நிச்சிந்திபுரம் என்னும் சிற்றூரில், ஹரிஹரர் என்னும் வறிய பிராமணரின் மகன் அப்பு வளரும் கதை அது. ஊரின் பெயருக்குக் கவலையற்ற ஊர் என்பது பொருள். மூங்கிற் காடு, மாந்தோப்பு, இச்சாமதி ஆறு, கூத்துக் கொட்டகை யாவும் ஒரு சிறுவனின் கண்களினூடே புத்தம் புதியனவாய்த் தோன்றுகின்றன. அவனுக்கு அவற்றையெல்லாம் காட்டிக் கொடுப்பவள் தமக்கை துர்க்கா. பிள்ளைப் பருவத்தைக் கடந்து குமரியாகும் வேளையில் அவள் மலேரியாக் காய்ச்சலில் விழுகிறாள், மீளவில்லை. குடும்பம் ஊரை விட்டுக் காசிக்குப் புறப்படுகின்றது.

நமது நாட்டிலே 'நனவிடை தோய்தல்' என்றொரு தொடர் வழக்கில் உண்டு. எஸ். பொ. தமது நூலொன்றுக்கு அதனைத் தலைப்பாக இட்டபின், இளமையும் ஊரும் பற்றிய ஏக்கத்தைச் சுட்ட ஈழத்தவர் அதனையே கையாளுகின்றனர். அப்பொருளில் 'பதேர் பாஞ்சாலி' தலைசிறந்த நனவிடை தோய்தல் நூல்களுள் ஒன்று. அதனாலேயே அதன்மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. இயற்கையின் மயக்கத்திலே வறுமையை அழகுபடுத்திவிட்டார், காரணங்களைக் கேளாது கண்ணீரோடு நின்றுவிட்டார் என்பர். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில் யானும் அவ்வாறே கூறித் திரிந்தேன். யதார்த்தவாதம் என்றால் என்ன என்பதற்கு எங்களிடம் அன்று ஆயத்தமான அளவுகோல்கள் இருந்தன; நூலை முழுதும் வாசிக்கும் பொறுமைதான் குறைவாயிருந்தது.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. நாவலின் சில அத்தியாயங்களை மாணவருக்கு வாசித்துக் காட்டியபின், துர்க்கா ஏன் இறந்தாள் என்று கேட்டேன். மழையில் நனைந்ததால் என்றனர் பலர். விதி என்றான் ஒருவன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி மறுமொழி கூறாமல் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப கொயினா கண்டுபிடிக்கேல்லையா, சேர்?" அவளுக்கு உடனே விடையளிக்க என்னால் இயலவில்லை. தேடிப் பார்த்தபின் கிடைத்த விடை, நாவலை நான் வாசித்திருந்த முறையையே தலைகீழாக்கிற்று.

கொயினா கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, வங்காளத்திலேயே உற்பத்தியும் செய்யப்பட்டது. டார்ஜிலிங் மலைச்சாரலில் முங்பூ என்னும் இடத்தில் அரசாங்கத்தின் சிங்கோனாத் தோட்டம் 1860களிலே தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வங்காளத்துத் தபாற் கந்தோர்களிற் கொயினாத் தூள் சிறு பொட்டலங்களாகச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டது. நுளம்பே மலேரியாவைக் காவும் என்பதற்கான திறவுகோலை 1897 இல் றொனால்ட் றொஸ் சிக்கந்தராபாத்தில் கண்டார்; மறு ஆண்டு கல்கத்தாவிலே அவ்வாராய்ச்சி நிறைவெய்தியது. ஆகவே துர்க்காவின் நோய்க்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, மருந்தும் உண்டு. இவை மூன்றுக்கும் அவளுக்கும் இடையே நின்றது எது என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியோடு நாவலைத் திறந்தால், விபூதிபூஷணர் விடையை ஒளித்துவைக்கவில்லை என்பது புலனாகும். ஹரிஹரர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்று நாட்பட வராதிருக்கிறார். சர்வஜயா வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விற்கிறாள். கூரை ஒழுகுகின்றது. காய்ச்சல் வருவதும் விடுவதுமாக இருக்கிறது. வயிற்றுக்குப் போதிய உணவில்லாத உடல் ஒவ்வொரு முறையும் முன்னிலும் தளர்கின்றது. புயலும் மழையும் அடித்து ஓய்ந்தபின் அயலவர் உதவியால் வைத்தியர் வருகிறார், காலம் கடந்துவிட்டது. சில நாட்களின் பின் தந்தை மகளுக்கென வாங்கிய சேலையுடன் வீடு திரும்புகிறார். இவற்றுள் எதனையும் ஆசிரியர் சுட்டுவிரல் நீட்டிக் காட்டவில்லை. சாவு நிகழும் இடம் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றது. சாகும் அழகை அங்கே காணமுடியாது. நோயாளியின் தத்துவ உரை இல்லை. கடைசி வார்த்தைக்கான ஆயத்தம் இல்லை. துர்க்காவின் ஆசை மிகச் சிறியது. தான் எழுந்தபின் புகையிரதத்தைக் காட்ட வேண்டும் என்று தம்பியைக் கேட்கிறாள்.

நோயைப் பொருளாகக் கொண்ட வேறு இரு பெரும் படைப்புகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தில் சிறுவன் அமல் வைத்தியர் கட்டளைப்படி அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். அவனுடைய நோய்க்குப் பெயரில்லை. அது ஆன்மாவின் சிறைவாசத்திற்குக் குறியீடு. குறியீட்டுக்கும் வலிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1942 ஜூலையில், வார்சோ நகரின் யூதச் சேரியில் யானுஸ் கோர்ச்சாக் தமது அநாதைப் பிள்ளைகளைக் கொண்டு அந்நாடகத்தை நடிப்பித்தார்; சில வாரங்களில் அவரும் அப்பிள்ளைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிக்கலாய் ஒஸ்திரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' இதற்கு மறுதலையானது. அங்கே பார்வையிழந்து முடங்கிய பாவெல், நோயைத் தன் மனவுறுதிக்கு வந்த சோதனையாகக் கொண்டு எழுத்தாளனாகிறான். நம் தலைமுறைகள் பலவற்றுக்கு அந்நூல் உரமூட்டியது. ஆனால் அமலுக்குக் கிடைத்த குறியீட்டுப் பெருமையோ, பாவெலுக்குக் கிடைத்த இயக்கமோ துர்க்காவுக்கு இல்லை. அவள் வெறுங் காய்ச்சலில் இறந்த ஏழைப் பெண்பிள்ளை. உலகில் நோயால் இறக்கும் இளையோரில் மிகப் பெரும்பாலோர் அவளைப் போன்றவர்களே. இலக்கியத்தில் அவர்களுக்குரிய இடமோ மிகச் சிறிது.

இனி அந்தப் புகையிரதத்திற்கு வருவோம். ராயின் படத்திலே வெண்ணாணல் பூத்த வெளியூடு அக்காளும் தம்பியும் புகையிரதத்தை நோக்கி ஓடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. நாவலில் அக்காட்சி இல்லை. இருவரும் ஒருமுறை இருப்புப் பாதையைத் தேடிப் புறப்பட்டு வழிதவறித் திரும்புகின்றனர், அவ்வளவே. துர்க்கா புகையிரதத்தைக் காணாமலே இறக்கிறாள். ஊரை விட்டுச் செல்லும் நாளில் அப்பு அதில் ஏறுகிறான். வண்டி நகரும்போது, பின்னே விடப்பட்ட தமக்கையை நினைத்து அவன் மனம் கலங்குகிறது. நாவல் முழுவதிலும் புகையிரதம் தூரத்தின் குறி, புதுமையின் குறி, பிள்ளைகளின் கனவு.

வங்காளத்து மலேரியாவின் வரலாறு வேறொன்று கூறுகிறது. சமவெளியின் குறுக்கே இருப்புப் பாதைக்காகவும் தெருக்களுக்காகவும் எழுப்பப்பட்ட மண் அணைகள் இயற்கையான நீரோட்டத்தைத் தடுத்தன. ஆற்றின் வெள்ளம் வயல்களைக் கழுவிச் செல்வது நின்றது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகிற்று. 1860களில் வர்த்தமான் பகுதியைக் காய்ச்சல் சூறையாடியபோது, அணைகள் வடிகாலை அடைத்தமையே காரணம் என்று திகம்பர மித்திரர் வாதிட்டார். மாகாணப் பொதுச் சுகாதாரப் பணிப்பாளராயிருந்த டாக்டர் பெந்திலி 1925 இல் வெளியிட்ட நூலில், அணைகளுக்கும் வேளாண்மைச் சீரழிவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துக் காட்டினார். விளைபொருளையும் படையையும் விரைந்து கொண்டுசெல்ல ஆட்சியாளருக்குப் பாதை தேவைப்பட்டது. அதன் கீழே மதகுகள் போதுமானவையா என்பது கிராமத்தவரின் கவலையாக மட்டும் விடப்பட்டது.

இதனை அறிந்தபின் துர்க்காவின் கடைசி ஆசையை முன்போல வாசிக்க முடியவில்லை. அவள் காண ஏங்கிய அதே பாதையின் அணைகள் அவளை ஒத்த எண்ணற்ற பிள்ளைகளின் இரத்தத்திலே காய்ச்சலை விதைத்தன. நாவலாசிரியர் இந்த வாதத்தை எடுத்துரைக்கவில்லை. உணர்ந்து எழுதினார் என்று நிறுவவும் நான் முயலவில்லை. அவர் செய்தது, கனவையும் காய்ச்சலையும் ஒரே பெண்ணின் உடம்பிலே பக்கத்தில் பக்கமாக வைத்தது. இரண்டும் பொய்யின்றிப் பதிவாகியுள்ளமையால்தான், பின்வந்த வாசகன் இடையிலுள்ள இணைப்பைத் தேடிக் காண முடிகின்றது. உண்மையான படைப்பு அதன் ஆசிரியருடைய கொள்கையிலும் விரிவானது என்று நாம் அடிக்கடி கூறுவதுண்டு. அதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மற்றோர் இடமும் இத்தகையது. நிச்சிந்திபுரத்தின் அருகே பாழடைந்த அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்று உண்டு. அங்கே வெள்ளை முதலாளியின் சின்னஞ்சிறு மகனுக்குக் கல்லறை இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் வெளி அது. ஆட்சி செய்தவரின் குழந்தைக்கும் அந்த மண்ணிலே சாவு வந்தது. ஆனால் அக்குழந்தைக்குக் கல்லும் பெயரும் உண்டு. துர்க்காவுக்கோ தம்பியின் நினைவைத் தவிர வேறு கல்லறை இல்லை. பாகல்பூரிலே கண்ட ஒரு சிறுமியின் முகம் மனத்தைப் பற்றிக்கொள்ள, முன்னர் எழுதியிருந்ததை மாற்றித் துர்க்காவை நாவலுக்குள் கொண்டுவந்தார் விபூதிபூஷணர் என்று கூறப்படுகிறது. அப்படியாயின், இந்நூலின் மிக ஆழ்ந்த நினைவு நினைவே அன்று, ஆய்ந்து ஆக்கப்பட்டது. இறந்துபோனவர்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்னும் உணர்வே நனவிடை தோய்தலைக் கலையாக்குகின்றது.

நாவலின் குறைகளை மறைப்பதற்கில்லை. ஹரிஹரரின் வறுமை உயர்சாதியின் வறுமை. பசித்தாலும் சர்வஜயா ஊருக்குள் கூலிக்குப் போக முடியாது. காசியிலே கணவனை இழந்தபின்தான் செல்வர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறாள். சாதி ஆசாரம் அவர்களைக் காப்பது போலவே கொல்லவும் செய்கின்றது. முதற் பாகத்திலே இந்திர் டாக்ருண் என்னும் மூதாட்டியின் கதை மூலம் குலீன பிராமணரின் பலதார மணக் கொடுமையை ஆசிரியர் கூர்மையாகக் காட்டுகிறார். ஆயின் அதே ஊரில் உழுதவரும் மீன் பிடித்தவரும் வண்டியோட்டியவரும் காட்சியின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். அவர்கள் வீடுகளிலும் அந்த மழைக்காலத்திற் காய்ச்சல் இருந்திருக்கும். அங்கே வைத்தியரை அழைத்துவர எந்த அயலவர் சென்றார்? நாவலுக்கு இது தெரியாது. இறுதியிலே பாதையின் தெய்வம் அப்புவுக்கு ஆறுதல் சொல்லுமிடத்திலும், காரணங்களின் இடத்தைக் காலத்தின் ஓட்டம் எடுத்துக்கொள்கிறது. பெருங்கலைஞரின் சறுக்கல் அது.

வங்காளத்துக் கதையை யாழ்ப்பாணத்திலிருந்து ஏன் இவ்வளவு நீட்டிப் பேசவேண்டும் என வாசகர் கேட்கலாம். மலேரியா நமக்கும் அந்நியமன்று. 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது இலங்கையின் தென்மேற்குப் பகுதிகளில் மூண்ட கொள்ளைநோய், அடுத்த ஆண்டுக்குள் எண்பதினாயிரம் வரையானோரைக் கொண்டுசென்றது. மருந்தோடு பருப்பையும் சுமந்து கேகாலைக் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர், பசித்த உடம்புக்குக் கொயினா மட்டும் போதாது என்பதை அன்றே கண்டனர். 1963 இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர் என்னும் அளவுக்குக் குறைந்த அந்நோய், கண்காணிப்புத் தளர்ந்ததும் அப்பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கில் மீண்டது. 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். போர் நடந்த மாவட்டங்களே மிகுதியாகத் துன்புற்றன. 2016 செப்ரெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

புகையிரதமும் அவ்வாறே. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனில் நின்றது. யாழ்ப்பாணத்திற்கு 2014 ஒக்ரோபர் 13 அன்றுதான் மீண்டு வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் இக்குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தம் மண்ணிலே புகையிரதத்தைக் கண்டதில்லை. யானும் அவர்களுள் ஒருவன். கோண்டாவிற் பக்கத்திலே தண்டவாளமற்ற மண்மேடு எங்களுக்கு விளையாட்டிடம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகியிருந்தன. முதன்முதலாகப் புகையிரதத்தைக் கண்டபோது எனக்கு வயது இருபத்திரண்டு. துர்க்காவை அப்போது நினைக்கவில்லை; வேறொருத்தியை நினைத்தேன்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு நாங்களும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். எங்கள் கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் பதினைந்து வயது அக்கா ஒருத்தி இருந்தாள். யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போன தன் சிறுபிராயக் கதையை எங்களுக்குச் சொல்லுவாள். கேட்டிருக்கும் நாங்கள் கைகோத்து வண்டியாக ஓடுவோம். அவளுக்குக் காய்ச்சல் கண்டது; விட்டது; மீண்டும் வந்தது. வடக்குக்கு மருந்து கொண்டுவருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. குளிசை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, பிந்திக் கிடைத்தது.

இப்போது எங்கள் ஊரவர் கூடுமிடங்களிலும், கடல் கடந்து சென்றோர் எழுதும் நினைவுக் கட்டுரைகளிலும் அந்த இடப்பெயர்வுக் காலமும் இனிமை பூசிக்கொண்டு வருகின்றது. ஒரே முற்றத்தில் உலை வைத்தோம், ஒற்றுமையாயிருந்தோம் என்கின்றனர். அது பொய்யன்று. ஆயின் அந்த அக்காவின் பெயரை நான் எவர் வாயிலும் கேட்டதில்லை. அதே முற்றத்துக் கிணற்றிலே அள்ள அனுமதிக்கப்படாமல் வாளியோடு காத்து நின்றவர்களைப் பற்றியும் எவரும் எழுதுவதில்லை. கே. டானியல் 1972 இல் 'பஞ்சமர்' எழுதி அரை நூற்றாண்டு கடந்தபின்னும், நமது நனவிடை தோய்தல் நூல்களிற் பலவற்றில் ஊர் என்றால் வேலிக்கு உட்புறம் மட்டுமே.

ஊரை நினைத்து ஏங்குவது குற்றமாகாது. இழந்தவனிடம் நினைவையும் விடு என்று கேட்பது கொடுமை. எழுதுவோரிடம் நாம் கேட்பது வேறு. பனங்கூடலையும் ஒழுங்கையையும் எழுதுங்கள். அவற்றினூடே காய்ச்சலோடு நடந்து போனவர்களையும் எழுதுங்கள். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை மழையின் மேலும் விதியின் மேலும் போட்டுவிடாதீர்கள். விபூதிபூஷணர் காரணங்களைக் கூறாது விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் ஒருவர் தேடிக் காண்பதற்குரிய தடயம் ஒன்றையும் அவர் அழிக்கவில்லை. அந்த நேர்மையையாவது நமது நினைவு இலக்கியம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று கொயினாவைப் பற்றிக் கேட்ட மாணவிக்கு அடுத்த வாரம் விடை சொன்னேன். தபாற் கந்தோரில் விற்ற பொட்டலத்தையும் இருப்புப் பாதையின் அணையையும் பற்றிச் சொன்னேன். வகுப்பு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது. விதி என்று கூறிய மாணவனும் பேசினான். தன் அம்மம்மாவின் ஊரிலே காய்ச்சலில் இறந்த பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் கொப்பிக்காகக் காத்திருக்கிறேன்.